திரு. வி. க. – சமயமும் மேடையும்

தமிழ்நாட்டில் மேடைப் பேச்சுக்கு வயது அதிகமில்லை. புராணம் படித்துப் பயன் சொல்லுதலும் கதாகாலட்சேபமும் நம் மூதாதையர் அறிந்தவை. ஆனால், ஒருவர் எழுந்து நின்று, பலதரப்பட்ட மக்களை ஒருங்கே விளித்து, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை தமிழ் உரைநடையிலே பேசுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய வழக்கமாகும். பாதிரிமார் பிரசங்கஞ் செய்தனர். அதற்கு எதிராக, 1847-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஆகவே, நம் மேடைத் தமிழின் தாய்வீடு அரசியல் அன்று, சமயமே. இன்றைய அரசியல் மேடைகளைக் கேட்போர் இதனை எளிதில் நம்பமாட்டார்.

சமயம் பேசிய அந்த நா, ஆலைத் தொழிலாளியின் கூலியையும் பசியையும் பேசத் தொடங்கியபோது என்ன ஆயிற்று? உள்ளே இருந்த சமய நம்பிக்கை அப்பேச்சுக்கு எந்த உருவத்தைத் தந்தது? எங்கே வலிமை தந்தது, எங்கே கைவிட்டது? இதனை ஒருவர் வாழ்விலே வைத்துக் காண்டல் நலம். அவரே திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார், நாடறிந்த திரு. வி. க.

நம் பொம்மனஹள்ளிச் சங்கத்தின் மலரில் அவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. ஓசூர்ச் சாலையின் இருமருங்கும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் தமிழ்ப் பெண்மக்கள் எத்தனை பேர் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கின்றனர் என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டு ஏப்பிரலில், சேமநல நிதியை எடுப்பதற்குத் தடை போட்ட விதியை எதிர்த்து அவ்வாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இச்சாலையில் இறங்கினர். இரண்டே நாளில் மத்திய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. அக்கூட்டத்திற்குத் தலைவர் என்று ஒருவர் இலர், மேடையும் இல்லை. தொழிலாளர் ஒன்று கூடுதல் இன்று அவ்வளவு இயல்பாகிவிட்டது. நூறாண்டுகளுக்கு முன் அஃது இயல்பன்று. கூடலாம், கூடுதல் குற்றமன்று என்று யாரோ ஒருவர் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது.

திரு. வி. க. 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மையார். முன்னோர் திருவாரூரினர். பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டையைச் சேர்ந்தது. அங்கே வெஸ்லி மிஷன் பள்ளியிற் சேர்ந்த சில திங்களில், சிறுவருடைய இடக்கையும் கால்களும் முடங்கின. ஏறக்குறைய நான்காண்டுகள் படிப்பு நின்றது. உடல் தேறி மீண்டும் பள்ளி புகுந்தபோது உடன் படித்தவர் எல்லாம் மேல் வகுப்புக்களுக்குப் போய்விட்டனர்.

அப்பள்ளியில் அவருக்கு வாய்த்த தமிழாசிரியர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை. நாவலர் மரபிலே ஊறிய சைவர்; அகராதி தொகுத்தவர்; மேடையேறினால் எதிரியைத் திணறவைக்கும் நாவன்மை உடையவர். அந்நாளிற் சென்னையைக் கலக்கிய பெரும் பூசல் ஒன்று உண்டு. வடலூர் இராமலிங்க அடிகள் பாடிய பாடல்கள் அருட்பாவா, அல்லவா என்பதே அது. நாவலர் காலத்தில் எழுந்த அவ்வழக்கு, இருவரும் மறைந்த பின்னும் மாணாக்கர் தலையில் விடிந்தது. கதிரைவேற்பிள்ளை அடிகளுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். மறைமலையடிகள் அடிகளின் பக்கம் நின்றார். கூட்டங்கள், மறுப்பு நூல்கள், இறுதியில் நீதிமன்றம். மாணவராகிய திரு. வி. க. ஆசிரியர் பொருட்டுச் சாட்சி சொல்லச் சென்றார். 1904-இல் எழுத வேண்டிய ஆறாம் படிவத் தேர்வு தவறிப்போயிற்று. அத்துடன் பள்ளிப் படிப்பு முற்றிற்று. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டோம் என்று மனம் வருந்தும் எம்போன்றோர்க்கு அந்த வாயிலையும் தாண்டாத ஒருவர் பிற்காலத்திற் கல்லூரித் தமிழாசிரியர் ஆனார் என்பது சிறிது ஆறுதல்.

அக்காலத்துத் திரு. வி. க.வின் சமயம் கூரிய சமயம். தன்னது உயர்ந்தது, பிறனது தாழ்ந்தது என்று நிறுவும் கண்டனச் சமயம். அவருடைய பேச்சும் அவ்வாறே இருந்தது. 1907-இல் ஆசிரியர் மறைந்தார். அதன்பின் மயிலைத் தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவ நூல்களும் பயின்றார்; வடமொழி வல்லாரிடமும் பாடங் கேட்டார். ஸ்பென்சர் கம்பெனியிற் கணக்கெழுதினார். நாட்டு இயக்கத்தில் மனம் சென்றமையால் அவ்வேலை நிலைக்கவில்லை. பின்னர் ஆயிரம் விளக்கிலுள்ள வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். அடுத்து வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியரானார். சைவர் ஒருவர் கிறிஸ்தவர் நிறுவனத்திலே பல்லாண்டு பணியாற்றும்போது இரண்டில் ஒன்று நிகழும். ஒன்று, மனம் மேலும் இறுகும், அன்றேல் இளகும். திரு. வி. க.வுக்கு இளகிற்று. விவிலியத்தைக் கற்றார். பிற்காலத்தில் ‘கிறிஸ்துவின் அருள் வேட்டல்’ என்று ஒரு நூலே பாடினார்.

அதனினும் பெரிய மாற்றம் மற்றொன்று. எந்த அடிகளின் பாடலை எதிர்த்த ஆசிரியருக்காக நீதிமன்றம் ஏறினாரோ, அந்த இராமலிங்க அடிகளையே தம் வாழ்வின் வழிகாட்டியாகக் கொண்டார். ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என நூல் எழுதினார். சமரச சன்மார்க்கம் என்பது அவர் பேச்சின் உயிர்நாடியாயிற்று. ஆசிரியரை இகழாமலே ஆசிரியர் கொள்கையைக் கடந்துவந்த இச்செயலை யாம் பெரிதாகவே மதிக்கின்றோம். தொழிலாளர் மேடையில் அவர் பேசியவை இம்மாற்றத்தின் விளைவே என்பது எம் கருத்து. கண்டனச் சமயத்தோடு அவர் பெரம்பூருக்குப் போயிருந்தால் அங்கே பேச ஒன்றும் இருந்திராது.

பெரம்பூருக்கு அவரை அழைத்ததும் சமயமே. இதனைப் பலர் அறியார். அப்பகுதியிற் பக்கிங்ஹாம் ஆலை, கர்நாடிக் ஆலை என இரு பெரும் நூல் நெசவு ஆலைகள் இருந்தன. இரண்டும் பின்னி கம்பெனியாரின் ஆட்சியில் இருந்தன. (நம் பெங்களூரில் பல தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறிட்ட பின்னி ஆலையும் அக்கம்பெனியைச் சேர்ந்ததே, அவ்வாலையும் இன்று இல்லை, பெரம்பூர் ஆலைகளும் இல்லை.) ஆலையின் அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு என்னும் இருவர் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்னும் வைணவ சபையை நடத்திவந்தனர். பஜனையும் சமயச் சொற்பொழிவும் அங்கே நிகழும். ஆலைத் தொழிலாளர் வந்து கேட்பர். பக்திக் கதை முடிந்ததும் தம் குறைகளைச் சொல்லிக்கொள்வர். உணவுக்கு விடும் நேரம் அரை மணி. அதற்குள் கைகால் கழுவி உண்டு திரும்ப வேண்டும். மேஸ்திரியின் வசையும் அடியும் வேறு. கேட்டுக்கொண்டிருந்த அவ்விருவருக்கும் இவர்களுக்கு இராமன் கதை மட்டும் போதாது என்று பட்டது.

1918-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் பெரம்பூரில் ஜங்காராமம்மாள் தோட்டத்தில் ஒரு கூட்டம் கூடிற்று. தொழிலாளர் திரளாக வந்திருந்தனர். அப்போது ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியராய் இருந்த திரு. வி. க. அங்கே பேசினார். அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. முறையான உறுப்பினர் பதிவும் கட்டணமும் கொண்டு இந்நாட்டில் எழுந்த முதல் தொழிற்சங்கம் என இதனைக் கூறுவர். தலைவர் பி. பி. வாடியா, அவர் பிறப்பாற் பார்சி, கொள்கையாற் பிரம்ம ஞான சபையினர், அன்னி பெசன்ட் அம்மையாரின் உடனுழைப்பாளர். திரு. வி. க. துணைத் தலைவருள் ஒருவர். வைணவ சபையிற் பிறந்த சங்கத்திற்குப் பார்சி தலைவர், சைவர் துணைத் தலைவர்! உறுப்பினருள் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். வாடியா ஆங்கிலத்திற் பேசுபவர். தொழிலாளர் காது தமிழுக்கே பழகியது. அவ்விடத்திற்குத் திரு. வி. க.வின் தமிழ் வேண்டியிருந்தது.

அத்தமிழ் எத்தகையது? அவர் வெஸ்லி பள்ளியில் ஆசிரியராகும் முன்னரே பெரியபுராணத்திற்குக் குறிப்புரை எழுதி வெளியிடத் தொடங்கியவர். இதனை மறத்தல் கூடாது. பெரியபுராணம் அரசர் கதை மட்டுமன்று. திருநீலகண்டர் குயவர். திருக்குறிப்புத் தொண்டர் ஆடை வெளுப்பவர். அதிபத்தர் வலை வீசுபவர். கலியர் எண்ணெய் ஆட்டுபவர். நேச நாயனாரோ நெசவாளர்; காம்பீலி என்னும் ஊரினர். அவ்வூர் இக்கன்னட நாட்டுக் கம்ப்ளியே என்று கொள்வாரும் உளர். இந்நூலை வரி வரியாகக் குறிப்பெழுதிக் கற்ற ஒருவர்க்குத் தறியின் முன் நிற்பவன் வெறுங் கையாகத் தோன்றுவானா? அவன் தொழிலே வழிபாடு எனத் தோன்றும். நம் அண்டை வீட்டுக் கன்னடத்தார்க்கு இது புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பசவண்ணர் சொன்ன காயகம் என்பதும் இதுவே.

ஆகவே, திரு. வி. க.வின் தொழிலாளர் உரைகளிற் கூலி என்பது வெறுங் காசுக் கணக்காக நில்லாது. உடலுழைப்பு இழிவென்னும் எண்ணத்தை அவர் முதலில் தாக்குவார். உழைப்பவன் உடல் இறைவன் குடிகொண்ட இடம். அதனை வருத்துதல் அறத்திற்கு மாறு. அதனைக் காக்க ஒன்று கூடுதல் அறம் என்னும் போக்கிலே அவர் கருத்துச் செல்லும். அதே மூச்சிற் குடியை விடுக, கையோங்காதே, ஆலைக்குக் கேடு செய்யாதே என்பதும் வரும். முதலாளியைப் பகைவனாகக் காட்டுவதினும் அவன் கடமையை நினைவூட்டுவதே மிகுதி. எழுத்தறியாத தொழிலாளி அதுவரை சங்கம் என்ற சொல்லையே கேட்டவனல்லன். ஆனால் அறம், அருள், தொண்டு என்பவற்றைப் பஜனை மடத்திலேயே கேட்டவன். தெரிந்த சொல்லைப் பிடித்துத் தெரியாத பொருளுக்கு அவனை நடத்திச் செல்ல அவருடைய சமயம் உதவிற்று. சட்டநூல் வல்லார் நூறு பேர் வந்தாலும் அது கூடியிராது.

அந்த 1918-ஆம் ஆண்டு அவருக்குக் கொடியதாகவும் இருந்தது. 1912-இல் மணந்த மனைவியார் கமலாம்பிகை அம்மையார் அவ்வாண்டு செப்டம்பரிற் காலமானார். பிறந்த மக்கள் இருவரும் முன்னரே மறைந்தனர். அவர் மறுமணஞ் செய்துகொள்ளவில்லை. ஆறாண்டு இல்லறத்தில் மனைவியார்க்குத் தமிழ் நூல்களைக் கற்பித்தவர், பின்னர்ப் ‘பெண்ணின் பெருமை’ எழுதினார். அந்நூல் நம் பாட்டிமார் பலர் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

1920-இல் பின்னி கம்பெனியார் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வாடியா இயக்கத்தினின்றும் விலகினார். தொழிற்சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமை அவ்வழக்கால் வெளிப்பட்டது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இதனை விரிக்கவில்லை. 1921-க்கு வருவோம். அவ்வாண்டு அவருடைய நம்பிக்கை சோதனைக்கு உட்பட்டது.

1921 ஜூன் திங்களிற் பக்கிங்ஹாம் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பல திங்கள் நீடித்தது. தொடங்கிய சில நாளிலே ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர்; ஏனையோர் வெளியே நின்றனர். ஒரே தறியில் நின்றவர் இரு கூறாயினர். புளியந்தோப்பிற் கைகலப்பு எழுந்தது. குடிசைகள் எரிந்தன. போலீசார் சுட்டனர், உயிர்கள் போயின. திரு. வி. க. இரு சாராரிடையேயும் அமைதி வேண்டிப் பேசினார், எழுதினார். கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரை அழைத்து, நாடு கடத்துவதாக எச்சரித்தார். அத்தண்டனை நிகழாமல் தடுத்தவர் நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியார். கட்சியால் மாறுபட்டவர் அவர் என்பது கருதத்தக்கது. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

எங்கே பிழைத்தது? குற்றத்தை யெல்லாம் ஆலை நிருவாகத்தின் மீதும் அரசின் மீதும் சுமத்திவிடுதல் எளிது, அவற்றிற்கும் பங்குண்டு. ஆனால் யாம் வேறொன்றும் நினைக்கின்றோம். எல்லா உயிரும் ஒன்று, இறைவன் ஒருவன் என்ற பேச்சைக் கேட்ட சேரியினர்க்கு அந்த இறைவன் கோயிலின் வாயில் அன்று திறந்திருக்கவில்லை. பஜனை மடத்தின் மொழி சாதி இந்துத் தொழிலாளியைத் தொட்டதுபோல அவர்களைத் தொட்டிருக்க முடியுமா? வறுமையாற் பல திங்கள் பட்டினி கிடக்கவும் அவர்களிடம் கைம்முதல் இல்லை. ஒருமையை நம்பியவர் ஒருமை ஏற்கெனவே இருப்பதாக எண்ணிவிட்டார். அதனை முதலிற் கட்ட வேண்டியிருந்தது. திரு. வி. க.வின் தூய்மையில் எமக்கு ஐயமில்லை. அவர் மேடையிற் கூறிய செய்தி, கேட்போர் எல்லார்க்கும் ஒரே செய்தியாகச் சென்றதா என்பதே எம் ஐயம்.

1925 நவம்பரிற் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டிலும் இவ்வையம் எழுகிறது. தலைவர் திரு. வி. க.; வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் கொண்டுவந்தவர் ஈ. வெ. ராமசாமிப் பெரியார். தலைவர் அதனை அனுமதிக்கவில்லை. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்; தமிழ்நாட்டு அரசியல் அங்கே திசை திரும்பிற்று. கட்சி ஒழுங்கு ஒரு காரணமாயிருக்கலாம். சமரசம் பழகிய உள்ளத்திற்கு மக்களை வகுப்பு வகுப்பாக எண்ணுதல் கசந்தது என்பதும் ஒரு காரணம் என்று எமக்குத் தோன்றுகிறது. கசந்தாலும் எண்ணித்தான் ஆகவேண்டும் என்று பிற்காலச் சட்டங்கள் தீர்ப்பளித்துவிட்டன. வியப்பு என்னவெனில், அம்மாநாட்டிற்குப் பின்னும் இருவரும் நண்பராகவே இருந்தனர். கடவுளை மறுத்தவரும் முருகனை அழகென்று நூல் எழுதியவரும் ஒருவரையொருவர் மதித்தனர். பொதுவுடைமையும் பகுத்தறிவும் பேசிய சிங்காரவேலரோடும் அவர் தொழிலாளர் மேடையிற் கூடி நின்றார்.

அக்கூட்டுறவு வீண்போகவில்லை. 1920-இல் தாம் தொடங்கிய ‘நவசக்தி’ இதழிலும் மேடைகளிலும், ஆண்டு செல்லச் செல்ல, முதலாளியின் கடமையை நினைவூட்டும் பேச்சுக் குறைந்து, அமைப்பையே மாற்ற வேண்டும் என்னும் பேச்சு மிகுந்தது. மார்க்சியத்தைக் கற்றார். அது வயிற்றுக்கும் புறவாழ்வுக்கும் வழி. சன்மார்க்கம் உள்ளத்திற்கு வழி. இரண்டும் சேரவேண்டும் என்பது அவருடைய முடிந்த கொள்கையாயிற்று. சைவர் சிலர் முகஞ் சுளித்தனர், மார்க்சியரும் நகைத்தனர். 1921-இல் எரிந்த குடிசைகளை மறவாத ஒருவருக்கு இந்தச் சேர்க்கை இயல்பாகவே தோன்றியிருக்கும் என யாம் கொள்ளுகிறோம்.

இரயில்வேயிற் கணக்கெழுதும் எமக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை உண்டு. பெரம்பூர் இரயில்வே தொழிற்சாலை ஊழியர் சங்கங் கண்ட அத்தொடக்க நாளில் அவர் குரல் அங்கும் ஒலித்தது. இன்று மாதந்தோறும் ஊதியத்திற் சந்தா பிடிக்கப்படுவதை முணுமுணுப்போடு பார்க்கும் நம் தோழர்கள் இதனை அறிவது நன்று.

1947-இல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தஞ் செய்தனர். அப்போது திரு. வி. க.வுக்கு வயது அறுபத்து நான்கை எட்டிக்கொண்டிருந்தது. காங்கிரஸ் மந்திரிசபையே அவரை வீட்டுக் காவலில் வைத்தது. வில்லிங்டன் எச்சரித்ததோடு விட்டதை, தம் கட்சியார் செய்து முடித்தனர். அவர் அதனால் மனங் கசந்து நாத்திகம் பேசவுமில்லை, வன்முறை பேசவுமில்லை.

மந்திரி பதவியோ பெரும் பொருளோ அவர் தேடவில்லை. சொந்த வீடும் இல்லை. இறுதி நாளிற் கண்ணொளி மங்கிற்று. தாம் எழுத இயலாதபோது சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். ‘முதுமை உளறல்’ என்றும் ‘படுக்கைப் பிதற்றல்’ என்றும் அந்நூல்களுக்குத் தாமே பெயரிட்டார். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், எழுபதாம் வயதில் மறைந்தார். அவருடைய தலைமையுரைகள் ‘தமிழ்த்தென்றல்’ என்ற பெயரில் நூலாகியுள்ளன. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் காலனிக் குடும்பத்தார் சென்னைக்குள் நுழையும்போது வண்டி பெரம்பூரைக் கடந்தே செல்லும். ஆலைகள் இருந்த அப்பக்கத்திலே ஒரு பகுதி திரு. வி. க. நகர் என இன்று வழங்குகின்றது.